நான் எழுதியதை அழிக்க அவர் யார்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு வரிகூட இல்லையே என்று, குடமுழுக்கு மலருக்கு நான் எழுதிய தலவரலாற்றை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த மலர் எங்கள் கோயில் அறக்கட்டளையின் இணையதளத்திலும் இருக்கிறது. மறுநாள் காலை பக்கத்தையே காணோம். ‘காப்புரிமை மீறல்’ என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. நான் எழுதியதை நானே போட்டால் அதில் என்ன மீறல்? மறுபடி போட்டேன், மறுபடி நீக்கினார்கள். சொற்களை மாற்றி மூன்றாம் முறை போட்டதில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தில் வரிக்கு வரி ‘சான்று தேவை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பையன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோபுரப் படமும் போய்விட்டது. என் பழைய மாணவர் என்னைப் பற்றி எழுதிய பக்கத்துக்கும் அதே கதி. இத்தனையும் செய்தவர் புனைபெயரில் இருக்கிறார். பிறந்தது முதல் இந்த ஊரில் இருப்பவன் நான். அழிக்க அவர் யார்? இவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு எப்படிப் புகார் எழுதுவது? பக்கத்தின் முகவரியை இணைத்திருக்கிறேன்.

– தமிழாசிரியர் (ஓய்வு), திருவாரூர் மாவட்டம்

பதில்: ஐயா, வணக்கம். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அங்கே எழுதிப் பயனில்லை. வழங்கிகள், மென்பொருள், நன்கொடை, வழக்கு வம்பு இவைதான் அவர்கள் பாடு. திருவாரூர்ப் பக்கத்துக் கோயில் கட்டுரையில் எந்த வரி நிற்கலாம் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைத் தமிழில் எழுதுகிறவர்களே தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியபோது ஆரம்ப காலக் கட்டுரைகளில் பெரும்பங்கைத் தோளில் சுமந்தவர் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன். சம்பளமில்லை. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, இன்றைக்கும் எழுதுகிறவருக்குச் சம்பளமில்லை. உங்கள் பக்கத்தை நீக்கிய நிருவாகியும் (பக்கங்களை நீக்கும் அதிகாரம் தரப்பட்ட பயனர்) அப்படி ஒருவர்தான். வேலை முடிந்து வந்து, ‘அண்மைய மாற்றங்கள்’ என்ற பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு வந்த புதுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார்.

அவர் இடத்தில் இருந்து பாருங்கள். புதிதாக ஒரு கணக்கு. அதிலிருந்து சேர்த்த முதல் உரையே மூன்று பக்க நீளம். ஒரு வரியை எடுத்துத் தேடினால் உங்கள் கோயில் அறக்கட்டளையின் இணையதளம் வருகிறது. அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று இருக்கிறது (போய்ப் பார்த்தேன், இருக்கிறது). கணக்குக்குப் பின்னால் இருப்பவர் அந்த உரையை எழுதிய ஆசிரியர்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. எனவே நீக்கினார். நானாக இருந்தாலும் நீக்கியிருப்பேன்.

சரி, நான்தான் ஆசிரியர் என்று நிரூபித்துவிட்டால்? வழி இருக்கிறது. உரிமை உங்களிடம் இருந்தால், அனுமதிக் கடிதத்தை விக்கிமீடியா தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். இணையதளத்தின் அடியிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் (பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும்) உரிமம் என்று மாற்றி எழுதவும் செய்யலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றை யோசியுங்கள். விக்கிப்பீடியாவில் ஏறும் எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டுக் காசுக்கும் விற்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. அறக்கட்டளையில் மற்றவர்களும் இதற்குச் சம்மதிப்பார்களா?

என்னைக் கேட்டால் அந்த அலைச்சலே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் உங்கள் தலவரலாறு அங்கே நிற்காது. ஏனென்றால் அது நல்ல மலர்க் கட்டுரை. பக்கத்தின் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற இடத்தில் உங்கள் மூன்றாம் வடிவம் முழுசாக இருக்கிறது. வெட்டப்பட்டது எதுவும் தொலைந்து போகவில்லை, பழைய தேதியைச் சொடுக்கினால் படிக்கலாம். அதன் முதல் வாக்கியம் இது: “வேண்டுவோர்க்கு வேண்டுவன அருளும் வள்ளலாய், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சோழ மன்னர்கள் போற்றி வணங்கிய எம்பெருமான் இத்தலத்தில் எழுந்தருளியுள்ளார்.”

கோயில் வாசலில் நின்று இதைப் படித்தால் மனம் குளிரும். கலைக்களஞ்சியம் படிக்கிறவர் கேட்பது வேறு. எந்த வட்டத்தில் இருக்கிறது? ஆயிரம் ஆண்டு என்று யார் சொன்னார்? எந்தச் சோழன்? கட்டுரையின் நடுவில், எட்டாவது பத்தியில், கருவறைத் தென்சுவரில் மூன்றாம் இராசராசன் கல்வெட்டு இருப்பதாக ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையின் உயிரே அதுதான், அதை ஒளித்து வைத்துவிட்டீர்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “இது திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சிவன் கோயில். கருவறையின் தென்சுவரில் மூன்றாம் இராசராசன் காலக் கல்வெட்டு உள்ளது.” இரண்டாம் வாக்கியத்தின் முடிவில் ஒரு சான்று. மூன்றாம் இராசராசன் என்றால் பதின்மூன்றாம் நூற்றாண்டு. அப்போது ‘ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக’ என்பதற்கு வேறு சான்று வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

அந்தச் சான்றை எங்கே தேடுவது? கல்வெட்டைச் சுவரில் பார்த்தேன், நானே படித்தேன் என்பது போதாது. அச்சில் வந்திருக்க வேண்டும். மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1880-களிலிருந்து வருகின்றன. ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்த கல்வெட்டுகளை அவற்றில் எண் போட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் முழுப் பாடமே கிடைக்கும். இவற்றில் பலவும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. தேடும்போது திருவாரூர் மாவட்டம் என்று தேடாதீர்கள், அந்த மாவட்டம் பிறந்ததே 1997-ல். பழைய அறிக்கைகளில் உங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில், நன்னிலம் போன்ற பழைய தாலுக்கா ஒன்றின் கீழ் இருக்கும். ஊர்ப்பெயரை ஆங்கிலேயர் எழுதிய விதமும் கொஞ்சம் கோணலாக இருக்கும். இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்.

தமிழாசிரியரான உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ஊர்ப்பெயர் தேவாரத்தில் எங்காவது வருகிறதா? தனிப் பதிகம் இல்லாவிட்டாலும், வேறு தலத்துப் பதிகத்துக்குள் பெயர் மட்டும் வந்தால் வைப்புத் தலம் என்ற தகுதி உண்டு. பதிக எண்ணும் பாடல் எண்ணும் போட்டுவிட்டால் யாரும் ‘சான்று தேவை’ ஒட்ட முடியாது. தலபுராணக் கதையையும் எழுதலாம், ‘என்று தலபுராணம் கூறுகிறது’ என்று முடித்தால் போதும். கதையை நடந்த நிகழ்ச்சியாக எழுதும்போதுதான் கத்தரி விழுகிறது.

ஊரைப் பற்றியும் தனிக் கட்டுரை தொடங்க நினைத்தால் தயங்காதீர்கள். அரசுக் கணக்கில் உள்ள ஊர் என்றால் பொதுவாகத் தகுதியை யாரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராம வாரியாக எண்கள் இருக்கின்றன.

இனி, வெட்டிய பகுதியில் என் மனசை உறுத்திய பத்திக்கு வருகிறேன். 1952 புயலில் ஊரே கோயில் மண்டபத்தில் ஒண்டிக்கொண்டது, மடைப்பள்ளியில் பெரிய அண்டாவை ஏற்றிக் கஞ்சி காய்ச்சினார்கள், சாதி பார்த்து வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அன்றைக்கு உள்ளே வந்தார்கள் என்று உங்கள் அம்மா சொன்னதை எழுதியிருந்தீர்கள். முழுக் கட்டுரையிலும் சிறந்த பத்தி அது. அதை வெட்டியதும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பது கசப்பாகத்தான் இருக்கிறது. அம்மா சொன்னார் என்பதை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. இன்று உங்கள் அம்மாவின் சொல்லை ஏற்றால், நாளை பக்கத்து ஊர்க்காரர் தன் தாத்தா சொன்னதாகக் கொண்டுவரும் நேர்மாறான கதையையும் ஏற்க வேண்டிவரும்.

வாய்மொழி அறிவுக்கு இடமில்லாமல் போவது விக்கிப்பீடியாவுக்குள்ளேயே பேசப்படும் குறைதான். 2011-ல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில், மக்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து அதையே சான்றாகக் காட்டும் முயற்சி ஒன்று நடந்தது. பொது விதியாக அது மாறவில்லை. அச்சில் அதிகம் வராத ஊர்களும் மக்களும் விக்கிப்பீடியாவிலும் மெலிந்தே இருக்கிறார்கள். இதற்காக உங்கள் நிருவாகியைக் கோபிப்பதில் நியாயமில்லை.

ஆனால் அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் ஊரில் இன்னும் யாராவது இருப்பார்கள். பிள்ளைகளாக இருந்திருப்பார்கள், இப்போது எண்பதுக்கு அந்தப் பக்கம். கைபேசியில் பதிவு செய்யுங்கள், யார் சொன்னது, என்று சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் பெயரில் ஒரு கட்டுரையாக எழுதி, உள்ளூர் வரலாறு வெளியிடும் இதழ் ஒன்றுக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அனுப்பினாலும் ஆசிரியர் குழு படிக்கும் (வெளியாகும் என்று நான் வாக்குத் தர முடியாது, எனக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கு இல்லை). அச்சில் வந்த பிறகு, வேறொருவர் அதைச் சான்றாகக் காட்டி விக்கியில் சேர்க்கலாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போக வாய்த்தால், 1952 டிசம்பர்ப் பத்திரிகைகள் எவையெல்லாம் இருக்கின்றன என்று கேளுங்கள். டெல்டாவைப் புரட்டிப் போட்ட புயல் அது. உங்கள் ஊர்ப்பெயர் எங்காவது அகப்படலாம்.

படத்தின் கதை சுருக்கமானது. படத்தின் உரிமை எடுத்தவருக்கு. நீங்கள் ஏற்றினால் அடுத்தவர் சொத்து என்று சந்தேகம் வரும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும், காரணம் அது படத்தைச் சுருக்கி, எந்தக் கருவியில், எப்போது எடுத்தது என்ற விவரத்தையும் உரித்துவிடுகிறது. அந்தப் பையனையே விக்கிமீடியா பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் தளம்) கணக்கு தொடங்கி, கைபேசியில் உள்ள அசல் கோப்பை ஏற்றச் சொல்லுங்கள். கோபுரத்துக்கு யாரும் காப்புரிமை கொண்டாட முடியாது, எனவே சிக்கல் வராது.

உங்களைப் பற்றிய பக்கம்: மாணவரின் அன்பு பெரிது, ஆனால் அந்தப் பக்கம் போனது உங்களுக்கு நல்லதே. உங்களோடு தொடர்பில்லாதவர்கள் நாளிதழிலோ நூலிலோ உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் மட்டுமே அது நிற்கும். நின்றாலும், அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் வருத்தத்தில் முழு நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. அந்த அறிவிப்பு. எவரோ என்றோ எழுதி வைத்த வார்ப்புருவைத்தான் வருகிறவர் எல்லோருக்கும் ஒட்டுகிறார்கள். அதன் தமிழ் தாலுக்கா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. ‘ஐயா, இந்த உரை இன்ன தளத்தில் இருக்கிறது, உங்களுடையதா?’ என்று இரண்டு வரி கையால் எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் போட்டிருக்க மாட்டீர்கள். புதியவர் பலர் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். அனுபவப்பட்ட விக்கிப்பீடியர்கள் இதைப் படித்தால் கவனிக்கட்டும்.

அதே சமயம், நீக்கியதை மறுபடி மறுபடி போட்டது உங்கள் பக்கத்துத் தப்பு. அதைத் தொகுப்புப் போர் என்பார்கள். நியாயம் யார் பக்கம் இருந்தாலும், அதைத் தொடர்ந்தால் கணக்கைத் தடைசெய்துவிடுவார்கள். பக்கத்தின் மேலே ‘உரையாடல்’ என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் நீங்கள் போகவே இல்லை. இரண்டாம் முறை நீக்கியதும் அங்கே கேட்டிருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் கணக்கில் ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் இருக்கும். புதுக் கட்டுரையை அங்கே எழுதுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. ஐந்தே வாக்கியம், ஐந்துக்கும் சான்று, அது போதும். கோயில் அறக்கட்டளையோடு தொடர்புள்ளவர் என்பதை உங்கள் பயனர் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு அந்த நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். நீக்கப்பட்ட உரையை மலருக்காக எழுதியவன் நான். அதைத் திரும்பக் கேட்கவில்லை. கல்வெட்டு அறிக்கையைச் சான்றாக வைத்துப் புதிதாக எழுதி என் மணல்தொட்டியில் வைத்திருக்கிறேன். கோயில் அறக்கட்டளையில் நான் உறுப்பினர் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். பார்த்துச் சொல்ல முடியுமா?”

முடிவில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். கைபேசி விசைப்பலகையில் அந்தக் குறி, குறியீடுகளின் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அவர் பதில் சொல்ல ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அவருக்கும் வேலைவெட்டி உண்டு. ஒரு வாரமாகியும் சத்தமில்லை என்றால் அதே செய்தியை, புதியவர்கள் உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தில் இடுங்கள். ‘ஆலமரத்தடி’ என்ற பொதுப் பேச்சிடமும் இருக்கிறது, ஆனால் ஒரு கட்டுரைக்காக நேரே அங்கே போக வேண்டியதில்லை.