தீயணைக்காமலே தீயணைப்புப் படையில் சேரலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். கணவருக்கு மருத்துவமனை வேலை. நான்கு வருடமாக ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆர்மிடேலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எனக்கு 49 வயது. வாரத்தில் மூன்று நாள் நூலகத்தில் வேலைக்குப் போகிறேன். போன மாதம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, "எங்கள் ஃபயர் பிரிகேடில் ஆள் குறைவு, நீ வந்து சேரேன். தீயணைக்க வேண்டாம். ரேடியோ, சாப்பாடு, கணக்கு என்று எவ்வளவோ வேலை கிடக்கிறது" என்றார். எனக்கு ஆசைதான். ஆனால் முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். என் ஆங்கிலம் ரேடியோவில் எடுபடுமா என்றும் தெரியவில்லை. "அரசாங்கம் செய்ய வேண்டியதைச் சம்பளமில்லாமல் நீ ஏன் செய்யணும்? அங்கே போயும் சமையல்கட்டில்தான் நிற்கணுமா?" என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம்

பதில்:

தங்கைக்கு,

சேருங்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிட்னிக்கு மேற்கே மலைப்பக்கம் ஒரு பிரிகேடில் நானும் பதினோரு வருடமாக இந்தத் 'தீயணைக்காத' கூட்டத்தில் ஒருத்தி. தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தது ஒரே ஒரு முறை, அதுவும் போட்டோவுக்காக. நீங்கள் பயப்படும் மூன்று விஷயங்களும் சமாளிக்கக்கூடியவை. நீங்கள் யோசிக்காத நாலாவது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைச் சோதிக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம்மூரில் 101-ஐ அழைத்தால் சிவப்பு வண்டியில் வருபவர் அரசு ஊழியர். இங்கேயும் பெரிய நகரங்களில் அப்படித்தான். ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் கதை வேறு. இந்த மாநிலத்தின் நிலப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற நாட்டுப்புறத் தீயணைப்பு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அதில் 70,000 பேருக்கு மேல் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அரசாங்கம் கைவிட்டதால் வந்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிகன் என்ற ஊரில் பண்ணைக்காரர்கள் கூடிப் படை அமைத்தது 19-ஆம் நூற்றாண்டின் முடிவில். மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பாக இது ஆனதோ 1997-இல் வந்த சட்டத்தால். இன்றைக்கு வண்டி, உடுப்பு, பயிற்சி எல்லாம் அமைப்பு கொடுக்கிறது, ஆளை ஊர் கொடுக்கிறது. வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்த குடிமராமத்தை அவருக்கு நினைவுபடுத்துங்கள். காவிரிக்கரைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தேவைப்பட்டால் வைடலிபா என்ற ஊரைக் காட்டுங்கள். உங்கள் பக்கம்தான், க்ளென் இன்னஸுக்குக் கிழக்கே. 2019 நவம்பர் 8-ஆம் தேதி அங்கே தீ பாய்ந்ததில் இரண்டு பேர் இறந்தார்கள். வீடுகளோடு பள்ளிக்கூடமும் போயிற்று. அந்தக் கோடை முடிவதற்குள் மாநிலத்தில் 2,400 வீடுகளுக்கு மேல் எரிந்தன. அவ்வளவு பெரிய தீக்கு எந்த அரசாங்கமும் சம்பளத்துக்கு ஆள் வைத்து மாளாது.

"சமையல்கட்டில்தான் நிற்கணுமா" என்பதும் சரியான கேள்வியே. பெண் என்பதற்காக யாராவது உங்களை அந்தப் பக்கம் தள்ளினால், நேராகச் சொல்லிவிடுங்கள். எங்கள் பிரிகேடில் துணை கேப்டன் ஒரு பெண். சாண்ட்விச் மடிப்பதில் எங்களை எல்லாம் தோற்கடிப்பவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர்.

முழங்காலுக்குப் பெரிய பதில் தேவையில்லை. ரேடியோ உட்கார்ந்து செய்யும் வேலை, கணக்கும் அப்படியே. சேரும்போது உடம்பைப் பற்றிக் கேட்பார்கள், மறைக்காதீர்கள். குற்றப் பின்னணி உண்டா என்றும் சரிபார்ப்பார்கள், அது எல்லோருக்கும் உள்ளது. உரிய பயிற்சி முடிக்காதவரைத் தீ எரியும் பக்கமே விட மாட்டார்கள். பணியில் இருக்கும்போது அடிபட்டால் தொண்டருக்கும் சட்டப்படி இழப்பீடு உண்டு. தீ நேரத்தில் அழைப்பு வந்து போகிறவர்களில் பெரும்பாலான ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு உண்டு என்பதும் நாட்டுச் சட்டம், உங்கள் நூலகத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தீ நாளில் காலை நாலரைக்கு பிரிகேடின் ஷெட்டில் விளக்கு எரியும். நீளமான மடக்கு மேசையில் ரொட்டி வரிசையாக விரிந்து கிடக்கும். ஒருவர் வெண்ணெய் தடவிக்கொண்டே போவார். அடுத்தவர் ஹாம் வைப்பார், மூன்றாமவர் சீஸ், நான்காமவர் மடிப்பார். இந்த ஊர்ச் சமையல் என்றால் ஹாம், பேக்கன், சாஸேஜ்தான். நான் முதல் நாளே, "இறைச்சியைத் தொட மாட்டேன், மற்றது எதுவானாலும் செய்கிறேன்" என்று சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "நல்லது, நீயே சைவப் பொட்டலத்துக்குப் பொறுப்பு" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டாங்கரில், அதாவது தண்ணீர் சுமக்கும் தீயணைப்பு வண்டியில், போகும் பிள்ளைகளில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு வாடிய கீரை இலையும் தக்காளியும் வைத்து அனுப்புவது வழக்கமாக இருந்தது. நீங்கள் போனால் அவர்களுக்கு நல்ல காலம் பிறக்கும்.

ஆனால் கட்டுச்சோறு கட்டும் உற்சாகத்தோடு போய்விடாதீர்கள். நான் போனேன். புளியோதரை, பெரிய அடுக்கில். இரண்டு நாள் தாங்கும் என்று நமக்குத் தெரியும், அவர்கள் விதிக்குத் தெரியாது. ஐந்து டிகிரிக்கு மேல் வெளியில் இருந்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போகலாம், நாலு மணி நேரம் தாண்டினால் குப்பைக்கு. இங்கே உணவு கையாளும் எல்லோருக்கும் பாலபாடம் இது. சோற்றில் வரும் கிருமி புளியைப் பார்த்து மரியாதை கொடுக்குமா என்று வாதாடிப் பயனில்லை. வயிறு கெட்டு ஒரு டாங்கரே உட்கார்ந்துவிட்டால் தீயை யார் பார்ப்பது? அப்புறம், காரம். 12 மணி நேரம் புகைக்குள் நின்று தொண்டை புண்ணானவர்களுக்கு என் புளியோதரை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இன்னொன்றும் அந்த மேசையில்தான் கற்றேன். சாண்ட்விச்சை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி அழகாக அடுக்குவேன். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன் ஒருவன் டாங்கர் படியில் உட்கார்ந்து அதைப் பிரிக்கப் பார்த்தான். கண்ணோரச் சுருக்கமெல்லாம் கரி, விரல்கள் வீங்கியிருந்தன. தாளின் நுனி அகப்படவே இல்லை. இரண்டு முறை சுரண்டிப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிட்டான். அன்றிலிருந்து எங்களிடம் காகிதப் பைதான், வாயை இரண்டு மடிப்பு மடித்தால் போதும். தண்ணீர்ப் பாட்டில்களில் பாதியை முந்தைய இரவே உறைய வைத்து எஸ்கி என்கிற குளிர்காப்புப் பெட்டிக்குள் போடுவோம். மற்றதைக் குளிர வைத்து, தானும் உருகி, மதியம் குடிக்கத் தயாராகிவிடும்.

இனி ரேடியோ. உங்கள் ஆங்கிலம் போதும். நூலகத்தில் நாள் முழுக்க இந்த ஊர்க்காரர்களோடு பேசுகிறவர் நீங்கள். ரேடியோவில் யாரும் அழகாகப் பேசுவதில்லை. யாரை அழைக்கிறோம், நாம் யார், என்ன சேதி, அவ்வளவே. எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்வார்கள். சிக்கல் எண்களில். ஒரு நாள் ஒரு டாங்கர் "பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவோம்" என்றது. ஃபிஃப்டீன் என் காதில் ஃபிஃப்டி என்று விழுந்தது. அப்படியே எழுதி அப்படியே மேலே சொல்லிவிட்டேன். அந்த வண்டிக்காக மாற்று ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளை, கெடுதல் எதுவும் நடக்கவில்லை. துணை கேப்டன் திட்டவில்லை. "எண்ணை ஒவ்வொன்றாகச் சொல், கேட்டதைத் திருப்பிச் சொல்" என்று மட்டும் சொன்னார். இப்போது யார் எண் சொன்னாலும் "ஒன், ஃபைவ்" என்று திருப்பிச் சொல்லாமல் விடுவதில்லை. பால்காரரிடம்கூட.

நேரம், யார், யாரிடம், என்ன. இந்த நாலும் நோட்டில் ஒரு வரி விடாமல் ஏற வேண்டும். நூலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இது கைவந்த கலையாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 2019 டிசம்பரில் பக்ஸ்டன் பக்கம் மரம் விழுந்து டாங்கர் உருண்டதில் இரண்டு இளம் தகப்பன்மார் இறந்தார்கள். அப்படி ஒரு செய்தி காதில் விழும் நாளில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓடிப்போய்ச் செய்ய எதுவும் இருக்காது. அதற்குப் பிறகு தூக்கம் வராவிட்டால் சொல்லுங்கள். மனம்விட்டுப் பேசப் பயிற்சி பெற்ற ஆட்கள் அமைப்பிலேயே இருக்கிறார்கள். தீக்குப் போனவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன். அது முட்டாள்தனம்.

நாலாவது விஷயம் என்றேனே, அது அலுப்பு. தீ எரியும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்ச நாட்களில் ஷெட் கூட்ட வேண்டும், பேட்டரி சார்ஜ் ஏற வேண்டும், முதலுதவிப் பெட்டியில் காலாவதி தேதி பார்க்க வேண்டும், கூட்டத்தில் போன கூட்டத்தின் குறிப்பை வாசிக்க வேண்டும். ஆவேசமாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதல் குளிர்காலத்தில் காணாமல் போகிறார்கள். தீ வந்தால் எல்லோரும் வருவார்கள். ஜூலை மாதம் செவ்வாய்க்கிழமை இரவு, வெளியே இரண்டு டிகிரியில், பழைய ஹீட்டரைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சோர்ந்துபோன பிஸ்கட் தின்னும்போது நீங்கள் வருவீர்களா? ஆர்மிடேல் குளிர் எனக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன். மாதம் இரண்டு மாலைதான் முடியும் என்றால் இரண்டு என்றே சொல்லுங்கள். நாலு என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தொந்தரவு.

அந்த அலுப்பான மாதங்களில் உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இப்போது நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் நம் ஆட்கள், மலையாளிகள், நேபாளிகள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். சாலையோரத் தீ அபாயப் பலகையில் முள் காட்டும் நாலு நிலை என்னவென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரிலிருந்து அது மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக். கடைசி நிலை என்றால் வீட்டைக் காக்க நிற்காதே, சீக்கிரமே கிளம்பு என்று அர்த்தம். இதை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு டீ குடித்துக்கொண்டே சொல்ல உங்களால் முடியும், எங்கள் கேப்டனால் முடியாது. தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக் கூரையோர மழைநீர் வாய்க்காலில் இலை அள்ளி, சுற்றிலும் காய்ந்ததை அப்புறப்படுத்தித் தரும் இலவசத் திட்டமும் அமைப்பிடம் இருக்கிறது. யாருக்குத் தேவை என்று கண்டு சொல்ல ஊருக்குள் ஒரு ஆள் வேண்டும்.

சேருவதற்கு முன் உங்கள் வீட்டுக்கான திட்டத்தைக் கணவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள். எப்போது கிளம்புவது, எந்தச் சாலை, பாஸ்போர்ட்டும் தாலிக்கொடியும் எந்தப் பையில், நீங்கள் ஷெட்டில் இருந்தால் காரை யார் எடுப்பது. அது முடிவாகாமல் ரேடியோ முன் உட்கார்ந்தால் மனம் வீட்டிலேயே இருக்கும்.

முதல் நாள் மூடிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள். முறுக்கு எடுத்துப் போங்கள், வேர்க்கடலை சேர்க்காததாக, ஒவ்வாமை உள்ளவர் இருக்கலாம். கணவரையும் ஒரு தடவை கூட்டிப் போய் டாங்கருக்குள் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் வாதம் அங்கேதான் முடிந்தது.

ஆண்டுக் கூட்டத்தில், "நீ நூலகத்தில் இருக்கிறாய், உனக்குக் கணக்கு வரும்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். முதல் வருடம் பொருளாளர் பதவிக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன். பத்து வருடமாகிறது, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.