கோடையை வைத்து உறைபனியைச் சொல்ல முடியுமா?

அன்புள்ள ஐயா,

2024 ஏப்ரலில் ஊட்டியில் 29 டிகிரி வெயில். 2025இல் அப்படியே தலைகீழ். கேரளத்தில் மே 24ஆம் தேதியே பருவமழை இறங்கி, இங்கேயும் கோடை முடியும் முன்பே கொட்டித் தீர்த்தது. கோடை இப்படிக் குளிர்ந்தால் உறைபனியும் முந்திக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நம்பலாமா? புதிதாகத் தேயிலை நட்டிருக்கிறேன்.

நீலகிரி வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்ப வேண்டாம். இந்தப் பேச்சைக் கேட்டு இப்போதே ஆள்கூலி செலவழித்துவிடாதீர்கள், அந்தப் பணம் நவம்பரில் தேவைப்படும்.

மே மாதம் மண் சூடானதோ குளிர்ந்ததோ சில வாரங்களில் இல்லாமல் போய்விடும், நடுவில் தென்மேற்குப் பருவமழை முழுசாக வந்து போகிறது. நீண்ட நாள் நினைவு வைத்திருப்பது கடல்தான். சரி, அப்படியானால் பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துவிடும் லா நினாவை வைத்துச் சொல்லலாமே என்பீர்கள். 2016, 2021 இரண்டுமே லா நினா ஆண்டுகள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை முதலாவதில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு, அடுத்ததில் 59 சதவீதம் அதிகம்.

மழையைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்றால், உங்கள் மலையில் பனி எப்போது விழும் என்பது பெரும்பாலும் அந்த மழையின் கையில்தான் இருக்கிறது. மேகம் கம்பளி மாதிரி மூடியிருக்கும்வரை தரையின் சூடு தப்பிப் போகாது. மழை விட்டு, வானம் வெளுத்து, காற்றும் அடங்கி, ஈரப்பதம் குறைந்த ஓர் இரவு வாய்த்தால் போதும், விடியும்போது புல்லெல்லாம் வெள்ளை. நவம்பரில் மழை ஒரு வாரம் ஓய்ந்தால் நவம்பரிலேயே விழலாம், வங்கக்கடலில் அடுத்தடுத்துத் தாழ்வுநிலை உருவானால் ஜனவரிவரைகூடத் தள்ளிப்போகலாம். இதை மே மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் நவம்பர் பிறந்ததும் அடுத்த மூன்று நாள் முன்னறிவிப்பை மட்டும் பாருங்கள். அதிலும் ஒரு விஷயம்: வானிலை நிலைய வெப்பமானி தரையிலிருந்து நாலு அடி உயரத்தில் இருக்கிறது, அது 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்லில் பனி உறைந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் மாதிரி இடங்களில் உறைபனி அதிகம் தெரிவதற்கு இதுவும் காரணம்.

உங்கள் நாற்றில் பள்ளத்தில் இருப்பவை எவை என்று இப்போதே பார்த்து வையுங்கள். இளம் தேயிலை ஒரே இரவில் கருகிவிடும், திரும்பத் துளிர்க்க மாதக்கணக்கில் ஆகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மூடுகிறார்களே, அந்தக் கோத்தகிரி மிலார் செடியை அக்டோபர் கடைசியில் வெட்டி வைத்துக்கொண்டு, மழை விட்டு வானம் தெளிந்த முதல் மாலையிலேயே பள்ளத்துச் செடிகளை மூடிவிடுங்கள். மேட்டில் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.