பழைய ப்ராக்ஸோடென்ட் ஓடுகிறது, பயன்படுத்தலாமா?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஒரு முதியவரின் வீட்டைக் காலி செய்தபோது நடந்த விற்பனையில் இரண்டு பழைய மின்சாரப் பல்துலக்கிகளை வாங்கினேன். ஒன்று ஸ்குவிப் நிறுவனம் விற்ற ப்ராக்ஸோடென்ட். அதன் வயர் நேராகக் கைப்பிடிக்குள் போகிறது. ப்ளக்கில் சொருகினால் இன்றும் ஓடுகிறது, அடியில் மின்கருவிகளின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்று தரும் யு.எல். அமைப்பின் முத்திரையும் இருக்கிறது. மற்றொன்று ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வயர் இல்லாத துலக்கி. இரவு முழுக்க ஸ்டாண்டில் வைத்தும் அசையவில்லை. அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சென்னையில் இருக்கும் என் அம்மாவுக்குப் பார்கின்சன் நோயால் கை நடுங்குகிறது. ப்ராக்ஸோடென்ட்டுக்குப் புது பிரஷ் தேடிப் பொருத்தி, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப் டவுன் கன்வெர்ட்டருடன் அவருக்கு அனுப்பலாமா? இரண்டாவதற்கு பேட்டரி மாற்ற முடியுமா?

பதில்: அனுப்ப வேண்டாம். அம்மா மட்டுமல்ல, நீங்களும் அந்த ப்ராக்ஸோடென்ட்டை வாயில் வைக்கக் கூடாது. ஜெனரல் எலெக்ட்ரிக் துலக்கியைக் கையுறை அணிந்து ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டாண்டின் ப்ளக்கையும் இன்றே கழற்றிவிடுங்கள். முதலாவது ஓடுகிறது, இரண்டாவது ஓடவில்லை என்றாலும், இரண்டில் அதிக ஆபத்தானது ஓடுகிற கருவிதான்.

ப்ராக்ஸோடென்ட்டை டாக்டர் ஃபிலிப்-கீ வூக் 1954இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கினார். அமெரிக்காவில் அதை ஸ்குவிப் நிறுவனம் 1960இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கையை விருப்பப்படி அசைக்க முடியாத நோயாளிகளும், பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டிக்கொண்டவர்களும்தான் முதலில் மனத்தில் கொள்ளப்பட்டவர்கள். ஆகவே அம்மாவுக்கு மின்சாரத் துலக்கி வேண்டும் என்ற உங்கள் யோசனை சரியானதே. அவரைப் போன்றவர்களுக்காகவே பிறந்த கருவி அது. தவறு அந்தக் குறிப்பிட்ட கருவியில், அதற்கு மின்சாரம் ஊட்டப்படும் விதத்தில் இருக்கிறது.

சுவரில் உள்ள பிளக் பாயிண்டின் முழு மின்னழுத்தமும், அமெரிக்காவில் ஏறத்தாழ 120 வோல்ட், வயர் வழியாகக் கைப்பிடிக்குள் இருக்கும் மோட்டாருக்கே வந்து சேர்கிறது. இடையில் மின்மாற்றி எதுவும் இல்லை. வடிவமைப்பாளரின் இடத்தில் நின்று பார்த்தால் இதற்கு நியாயம் இருந்தது: அன்றைய மின்மாற்றி என்பது இரும்பும் செம்பும் சேர்ந்த கனமான பொருள், அதைக் கைப்பிடிக்குள் வைக்க முடியாது, தனிப் பெட்டியாக வைத்தால் விலையும் இடமும் கூடும். சுவர் மின்சாரத்திலேயே நேராக ஓடும் சிறிய மோட்டார் பல்லில் அழுத்தினாலும் திணறாது, கைப்பிடியும் மெலிதாக இருக்கும். இந்த வசதிகளுக்கு ஈடாக வைக்கப்பட்டது, மின்சாரத்துக்கும் ஈரமான கைக்கும் நடுவில் இருந்த ஒரு பிளாஸ்டிக் ஓடும் ஒரு ரப்பர் அடைப்பும் மட்டுமே.

அந்த அடைப்பு இருக்கும் இடத்தை உங்கள் கருவியிலேயே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரஷை இழுத்து எடுங்கள். கைப்பிடியின் தலையில் ஓர் உலோகத் தண்டு வெளியே நீண்டிருக்கும், அதைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். உள்ளே இருக்கும் அசைவு வெளியே வர வேண்டுமானால் அங்கே துளை இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் எச்சிலும் பற்பசையும் கலந்த நீர் பிரஷின் காம்பு வழியாக வழிந்து நேராக அந்த வளையத்துக்குத்தான் வருகிறது. பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்துகள்கள் உண்டு. அவை தண்டு அசைய அசைய வளையத்தையும் தேய்க்கும். அறுபது ஆண்டு வயதான ரப்பர் ஏற்கெனவே இறுகி, நுண்ணிய வெடிப்புகள் விட்டிருக்கும். வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, மேலுறை பிசுபிசுத்தாலோ, அதன் காப்பு வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே உள்ள காப்பை மதிப்பிட முடியாது. அதற்கென உள்ள 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியால் அளந்தாலும், அந்த அளவு இன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, அடுத்த முறை நீர் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லாது.

எவ்வளவு ஆபத்து என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். தோல் நனைந்திருக்கும்போது உடலின் மின்தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வது மின்பாதுகாப்புத் துறையில் வழக்கம். 120 வோல்ட்டுக்கு இது 120 மில்லியாம்பியர். சுமார் 10 மில்லியாம்பியரிலேயே பிடித்த பொருளை விட முடியாதபடி கைத்தசை இறுகத் தொடங்கும். 100 மில்லியாம்பியரை ஒட்டிய மின்னோட்டம் மார்பின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். வாயின் உட்புறத்தில் தோல் தரும் தடைகூட இல்லை. ஒரு கையில் கருவியும் மறு கையில் குழாயுமாக நிற்பவருக்கு மின்னோட்டம் போகும் பாதை மார்பின் குறுக்கேதான்.

சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து இரண்டு முள் பிளக்கின் முட்கள் இரண்டும் ஒரே அகலம் கொண்டவை. எந்தப் பக்கமாகவும் சொருகலாம். ஒரு பக்கம் சொருகும்போது சுவிட்ச் மின்சாரம் வரும் கம்பியைத் துண்டிக்கும். மறுபக்கம் சொருகினால் திரும்பும் கம்பியைத்தான் துண்டிக்கும். பின்னதில் மோட்டார் நின்றிருக்கும், ஆனால் அதன் சுருள் முழுவதும் மின்னழுத்தத்தில் இருக்கும். தொட்டியில் தவறி விழுந்த கருவியைக் கைவிட்டு எடுப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

நியூ ஜெர்சிக் குளியலறையில் உங்களுக்கு ஜி.எஃப்.சி.ஐ. எனப்படும், மின்கசிவைக் கண்டு தானே அணையும் பாயிண்ட் இருக்கலாம்; அமெரிக்க மின் விதித்தொகுப்பு 1975 முதல் குளியலறைகளில் அதைக் கேட்கிறது. 4 முதல் 6 மில்லியாம்பியர் கசிவிலேயே அது மின்சாரத்தைத் துண்டிக்கும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் அது போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே பார்க்கிறது. கருவிக்குள் நீர் புகுந்து இரு கம்பிகளும் வாய்க்குள்ளேயே உங்களோடு இணைந்தால் கணக்கு சமமாகவே இருக்கும், அது வாளாவிருக்கும். யு.எல். முத்திரை பொய்யல்ல, அன்றைய தரவிதிகளின்படி தரப்பட்டது. முழு மின்னழுத்தத்தில் ஓடும் இவ்வகைக் குளியலறைக் கருவிகளுக்கு 1990களின் தொடக்கத்துக்குள்ளாகவே அதே அமைப்பு சான்று தருவதை நிறுத்திவிட்டது.

இனி ஸ்டெப் டவுன் கன்வெர்ட்டர். உங்கள் திட்டத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஒரே சுருளின் நடுவிலிருந்து கம்பி எடுத்துத் தரும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். அவற்றில் உள்ளே வரும் கம்பிகளில் ஒன்று அப்படியே வெளியேயும் போகிறது. அந்தப் பொதுக் கம்பி 230 வோல்ட் கம்பியாக அமைந்துவிட்டால், துலக்கிக்குக் கிடைப்பது 110 வோல்ட்டே ஆனாலும், ஈரத் தரையில் நிற்கும் அம்மாவுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும். மின்னழுத்தத்தைக் குறைப்பது வேறு, தரையிலிருந்து தனிமைப்படுத்துவது வேறு. ஹோட்டல் குளியலறைகளில் ஷேவருக்கென வைக்கப்படும் பாயிண்ட்டில் இரு தனிச் சுருள்கள் கொண்ட மின்மாற்றி இருப்பது இந்தத் தனிமைப்படுத்தலுக்காகத்தான். மின்னணு வகை மலிவுக் கன்வெர்ட்டர்களோ இஸ்திரிப்பெட்டி போன்ற சூடாக்கும் கருவிகளுக்காகச் செய்யப்பட்டவை; அலையை வெட்டித் தரும் அவற்றில் மோட்டார் சூடாகும். கன்வெர்ட்டரே இல்லாமல் யாராவது சென்னையில் சொருகிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வீட்டில் அப்படி ஒரு பொருள் கிடந்தால், என்றாவது ஒருநாள் யாராவது சொருகுவார்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் துலக்கி 1961இல் வந்தது. மின்கம்பியையே வாயின் பக்கத்திலிருந்து அகற்றியது அது. என் பார்வையில் துலக்கியின் வரலாற்றில் அதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறொன்று இல்லை. முழுமையாக மூடி அடைத்த நிக்கல்-காட்மியம் செல்லை 1947இல் உருவாக்க முடிந்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான், நனைந்த கைக்கு அது ஒன்றும் செய்யாது. விலையாகக் கொடுத்தது பருமன்: இரண்டு பெரிய பேட்டரி போடும் டார்ச் லைட்டின் பிடி அளவு. அந்தப் பருமன் விரல் மடங்காதவர்களுக்கு உதவியிருக்கும் என்பது வேறு விஷயம்.

உங்களுடையது ஏன் அசையவில்லை என்பதற்கும் அந்த வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது. துலக்கியை நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்டே சார்ஜராகவும் இருந்ததால், எல்லோரும் அதை நாள் முழுக்க அதிலேயே வைத்தார்கள். நாளுக்குச் சில நிமிட வேலை, மீதி நேரமெல்லாம் சார்ஜ். முழுதும் தீராமலே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால் செல்லின் கொள்ளளவு குறையும் என்கிற, நிக்கல்-காட்மியத்தின் ‘நினைவு விளைவு’ மீது பழி போடுவது வழக்கம். இங்கே உண்மையான குற்றவாளி ஓயாத மிகைச் சார்ஜும் அதனால் எழும் வெப்பமும் என்றே நான் கருதுகிறேன். பூத்திருக்கும் வெள்ளை, செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றோடு சேர்ந்து உறைந்த உப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையில்லாமல் தொடாதீர்கள்.

பேட்டரி மாற்றலாமா என்று கேட்டீர்கள். தொழிற்சாலையிலேயே மூடி ஒட்டப்பட்ட உறை அது. செல் செத்தால் கருவியையே தூக்கிப் போடுவது என்பதுதான் அன்றைய ஏற்பாடு. அறுத்துத் திறந்து புதுச் செல் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் உண்டு, ஆனால் அறுத்த உறையை மீண்டும் நீர் புகாதபடி மூடுவது வீட்டில் ஆகிற வேலையல்ல. அலமாரியில் காட்சிக்கு வைக்க விரும்பினாலும் கசியும் செல் உள்ளே இருக்கும் வரை அரிப்பு தொடரும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. உங்கள் கவுண்ட்டியின் அபாயக் கழிவுச் சேகரிப்பு நாளில் முழுக் கருவியாகவே கொடுத்துவிடுங்கள். ப்ராக்ஸோடென்ட்டைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். வயரை வெட்டினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும், ஆகவே பிளக்கின் முட்களுக்கு ஓர் உறை மாட்டி, ‘சொருகாதே’ என்று எழுதிய சீட்டைக் கட்டுங்கள்.

பின்னால் வந்த வடிவமைப்பாளர்கள் மிச்சமிருந்த துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். சார்ஜருக்கும் கைப்பிடிக்கும் இடையே உலோகத் தொடர்பே இல்லாமல், இரு சுருள்களின் காந்தப்புலம் வழியாகவே மின்சாரத்தைக் கடத்தும் முறை வந்தது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரின் ஆய்விலிருந்து உருவாகி 1992இல் அறிமுகமான சோனிகேர் என்ற துலக்கியில், பிரஷ் தலைக்குள் காந்தத்தை வைத்து, அதை மூடிய உறைக்கு உள்ளிருந்தபடியே மின்காந்தத்தால் அசைத்தார்கள். நான் மேலே சொன்ன தண்டுத் துளையே அதில் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு இப்படிப்பட்ட புதிய துலக்கி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். 1966இல் நடந்த உலக ஈறுநோயியல் பயிலரங்கமே, கையால் சரியாகத் துலக்கும் முறையைக் கைவசப்படுத்த முடியாதவர்களுக்கு மின்துலக்கி நன்மை தரக்கூடும் என்று சொல்லியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணத் துலக்கியோடு ஒப்பிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் மின்துலக்கி பயன்படுத்தியவர்களிடம் பற்படலம் (பிளேக்) 21 சதவீதமும் ஈறழற்சி 11 சதவீதமும் குறைவாக இருந்ததாகக் கண்டது. நடுங்கும் கைக்கு, பருத்த, வழுக்காத கைப்பிடியும், ஈரக் கையால் அழுத்த எளிதான பெரிய ஒற்றைப் பொத்தானும், அதிகம் அழுத்தினால் எச்சரிக்கும் வசதியும் முக்கியம். ஐந்தாறு இயக்க முறைகளோ கைபேசிச் செயலியோ வேண்டியதில்லை. வாயில் வைத்த பிறகே பொத்தானை அழுத்தவும், எடுக்கும் முன் அணைக்கவும் பழக்குங்கள், இல்லையென்றால் பற்பசை நுரை தெறித்து முதல் நாளிலேயே வெறுத்துவிடுவார். உடலில் பேஸ்மேக்கரோ, பார்கின்சனுக்கான மூளைத் தூண்டல் கருவியோ இருந்தால், வாங்கும் முன் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

அதைச் சென்னையிலேயே வாங்குவது நல்லது. அமெரிக்காவில் வாங்கித்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றால் சார்ஜரைத் திருப்பி அடியில் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். அமெரிக்கச் சந்தைக்கான சில சார்ஜர்களில் 110–130 வோல்ட் என்று மட்டுமே இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். சார்ஜர் குளியலறைக்குள் இருக்க வேண்டிய அவசியமில்லை. படுக்கையறை மேசையில் வைத்து, வாரத்துக்கு ஒரு முறை யாராவது சார்ஜ் செய்து கொடுத்தாலே இன்றைய துலக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.