கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

2006 லண்டன் மருந்துப் பரிசோதனையில் புது மருந்து ஏற்றிக்கொண்ட ஆறு பேர் பாதிக்கப்பட்டது அறமீறல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த ஆறு பேரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 2,000 பவுண்டுக்குச் சம்மதித்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் வந்தார்கள். புது மருந்தை யாராவது முதலில் போட்டுக்கொண்டுதானே ஆகவேண்டும்? ஆபத்தே கூடாது என்றால் மருந்தே வராது. இதில் என்ன அறமீறல்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதல் மனிதர் ஒருவர் வேண்டும்தான். ஒருவர். ஆனால் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் அன்று ஆறு பேருக்கும் சுமார் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து மருந்து ஏற்றினார்கள். என் கோபமெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தின் மேல்தான்.

அன்று ஏற்றிய டிஜிஎன்1412, நோயெதிர்ப்பு அணுக்களை நேரடியாகத் தூண்டும் மருந்து. குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான் மனிதருக்குக் கொடுத்தார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் மருந்து போய் ஒட்டும் புரதம் குரங்கின் ஒருவகை நினைவு அணுக்களில் (பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்பு அணுக்கள்) இல்லை, நம்முடையவற்றில் இருக்கிறது. அது பின்னால்தான் தெரியவந்தது. அதற்காக யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஏதாவது தெரியாமல் இருக்கலாம் என்பதற்காகத்தானே பரிசோதனையே! ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, காய்ச்சல், வாந்தி. அப்புறம் ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள்; ஒருவருக்குக் கால்விரல்கள் போயின.

முதல் ஆளுக்குப் போட்டுவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மருந்தைப் பற்றித் தெரியவேண்டியது அத்தனையும் தெரிந்திருக்கும். செலவும் நேரமும் கொஞ்சம் கூடியிருக்கும். ஐந்து பேர் தப்பியிருப்பார்கள். எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய ஆபத்தை எந்தக் கையெழுத்தும் நியாயப்படுத்தாது. 2,000 பவுண்டும்தான்.

பிரிட்டிஷ் அரசு அமைத்த, கார்டன் டஃப் தலைமையிலான நிபுணர் குழு அந்த ஆண்டே இடைவெளி விடச் சொன்னது. சரி, பாடம் கற்றோமா? 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் வேறொரு மருந்தின் பரிசோதனை. சில நாட்களாக அதை எடுத்துவந்த ஒருவரை ஞாயிறு மாலை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் பிறகு இறந்துபோனார். அவரைச் சேர்த்த மறுநாள் காலை, அவருடைய நிலையைச் சொல்லி மறுபடி சம்மதம் கேட்காமலேயே, அதே குழுவில் மருந்து எடுத்துவந்த மற்ற ஐவருக்கும் அடுத்த டோஸ் கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு அரசின் விசாரணையே இதைப் பெரிய தவறாகச் சொன்னது.

அந்த ஐவரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஆனால் திங்கள் காலை விழுங்கிய அந்த டோஸுக்கு அவர்கள் சம்மதித்தார்கள் என்று உங்களால் சொல்லமுடியுமா? என்னால் முடியாது.