முக்கால் இன்ச் பைப்பில் பத்து வயர் போகுமா?

கேள்வி: திண்டிவனம் பக்கத்தில் வீட்டுக்கு மாடி எடுக்கிறோம். வியாழக்கிழமை தளம் கான்கிரீட். மெயின் போர்டிலிருந்து பெட்ரூமுக்கு ஒரே ஒரு முக்கால் இன்ச் பைப்தான் கம்பிக்கு நடுவில் கட்டியிருக்கிறார் எலக்ட்ரீசியன். வழியில் இரண்டு பெண்ட். லைட், ஃபேன், இன்வெர்ட்டர், பிளக், ஏசி எல்லாம் சேர்த்துப் பத்து வயர் வரும். “தாராளமாப் போகும் சார்” என்கிறார். ஒரு பைப்பில் எத்தனை வயர் வரை போடலாம்?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை, போகத்தான் போகும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் இரண்டு பேர் காலை உதைத்துக்கொண்டு இழுத்தால் பத்தென்ன, பன்னிரண்டும் போகும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மழை வந்தால் டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். அப்படி இழுத்த வயரை நான் திரும்ப உருவினேன். பெண்ட் இருந்த இடத்தில் ஒரு முழம் நீளத்துக்குச் சிவப்புத் தோல் உரிந்து செம்பு பளபளவென்று தெரிந்தது. புது வீடு, இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களுக்கென்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. முக்கால் இன்ச் என்று கடையில் கேட்டு வாங்கும் 20 மி.மீ. பைப்பில் லைட், ஃபேனுக்குப் போடும் 1.5 ஸ்கொயர் வயர் (ஸ்கொயர் என்பது செம்பின் தடிமன், சதுர மி.மீ. கணக்கில்) நேர் ஓட்டத்தில் 5, பெண்ட் இருந்தால் 4. பிளக்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் நேரில் 5, பெண்ட் இருந்தால் 3. ஏசிக்கான 4 ஸ்கொயர் நேரில் 3, பெண்டோடு 2 மட்டும். நேர் ஓட்டம் என்றால் வயர் இழுக்கும் இரண்டு பாக்ஸுக்கு நடுவே 4.25 மீட்டருக்குள், அதாவது 14 அடிக்குள், வளையாமல் போவது. உங்களுடையது இரண்டு பெண்ட் போட்ட பைப். அதனால் சின்ன எண்தான் உங்களுக்கு. ஏசியின் மூன்று வயரே அந்தப் பைப்பில் கணக்குக்கு மீறியதுதான்!

வியாழனுக்குள் செய்ய வேண்டியது இதுதான். கட்டியிருக்கும் பைப்பை லைட்டுக்கு விட்டுவிடுங்கள்: பேஸ், நியூட்ரல், எர்த், இன்வெர்ட்டர் லைன், நாலு வயர், சரியாக அடங்கும். பிளக்குக்கு இன்னொரு முக்கால் இன்ச், மூன்று வயர். ஏசிக்கு ஒரு இன்ச் பைப் தனியாக, 25 மி.மீ. பைப்பில் 4 ஸ்கொயர் வயர் பெண்டோடு 5 வரை போகலாம், உங்களுக்கு மூன்றுதான். முடிந்தால் இன்னொரு ஒரு இன்ச் பைப்பைக் காலியாகவே விடுங்கள். நாளைக்குப் பையன் சோலார் என்பான், வேறு ஏதோ என்பான். தளத்தை உடைக்க முடியாது. பைப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்ட விடாதீர்கள். நடுவே கான்கிரீட் இறங்க இடம் வேண்டும், இல்லையென்றால் இன்ஜினியர் திட்டுவார், திட்டுவது நியாயம்தான்.

பைப்பில் இடம் இருந்தால் போதாதா என்பீர்கள். சூடு இருக்கிறதே. சாதாரண பிவிசி வயரின் தோல் தாங்குவது 70 டிகிரி. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளமே கொதிக்கும், அதற்குள் வயர் வேறு. லைட், பிளக், ஏசி என்று மூன்று சர்க்யூட்டை ஒரே பைப்பில் சொருகினால், தனியாகப் போகும்போது வயர் தாங்கும் கரண்டில் 70 சதவீதம்தான் கணக்கு. இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு, எம்சிபி, அதாவது கரண்ட் மிஞ்சினால் தானே விழும் போர்டு சுவிட்ச், அடிக்கடி விழுகிறதென்றால் 16 ஆம்பியரைக் கழற்றி 32 மாட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் எம்சிபி விழாது. வயர் எரியும்.

எர்த் வயரைச் சேர்த்து எண்ண வேண்டுமா என்று பலருக்குக் குழப்பம். இடத்துக்கு எண்ண வேண்டும், சூட்டுக்கு எண்ண வேண்டாம். எர்த்தில் சாதாரணமாகக் கரண்ட் ஓடாது, ஆனால் பைப்பில் அதற்கும் ஓர் உடம்பு உண்டு. ஒரே பைப்பில் லைட்டும் பிளக்கும் போகிற இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஓர் எர்த் போதும், பெரிய வயருக்குத் தக்க அளவில் போட்டால். அப்படி ஒரு வயரை மிச்சம் பிடிக்கலாம். உங்கள் வீட்டில் தனித்தனிப் பைப் என்பதால் அதது தன் எர்த்தோடு போகட்டும். பழைய ஆட்கள் தோலில்லாத 14 கேஜ் செம்புக் கம்பியை எர்த்துக்கு இழுப்பார்கள். இடம் மிச்சம் என்பார்கள். பக்கத்து வயரின் தோலை அது ரம்பம் மாதிரி அறுக்கும். பச்சைத் தோல் போட்ட வயரே வாங்குங்கள். எர்த்தையே விட்டுவிட்டு “எண்ணிக்கை குறைஞ்சிடுச்சு பாருங்க” என்று சொன்ன ஆளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் ஒரே பைப் போடுகிறார்கள்? பாயிண்ட் ரேட். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் ஒரு பைப் கட்டினாலும் மூன்று கட்டினாலும் கூலி ஒன்றே. பேசும்போதே “ஏசிக்குத் தனிப் பைப், பிளக்குக்குத் தனிப் பைப்” என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். அடுத்தது கடை. எலக்ட்ரீசியன் லிஸ்ட் எழுதிக் கொடுத்து “இந்தக் கடையிலேயே வாங்குங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றால், அந்தப் பில்லில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு எங்கிருந்து வரும்? காலால் மிதித்தால் நசுங்குகிற, ‘லைட்’ என்று எழுதிய மெல்லிய ரகப் பைப்பிலிருந்து வரும். பிரபல பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சடித்த வயர் பெட்டியிலிருந்து வரும். 1.5 என்று எழுதி உள்ளே 1 ஸ்கொயர்கூடத் தேறாத செம்பிலிருந்து வரும். பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் மீடியம் அல்லது ஹெவி என்ற எழுத்தும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தளத்துக்குள் அந்த மெல்லிய ரகம் ஆகவே ஆகாது; கொத்தனார் மேலே நடப்பார், வைப்ரேட்டர் ஓடும், பைப் சப்பையானால் அட்டவணை எல்லாம் வீண். லிஸ்டை எடுத்துக்கொண்டு வேறு இரண்டு கடை ஏறி விலை கேளுங்கள்.

இதையெல்லாம் சரிபார்க்கத்தானே லைசென்ஸ் என்பீர்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர், பைப் கட்டுகிறவர் இன்னொருவர். வயரிங் முடிந்ததாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் உங்கள் தெருவையே பார்த்திருக்க மாட்டார். ஐஎஸ் 732 என்று வயரிங்குக்கு ஒரு தரநூல் இருக்கிறது, ஆங்கிலத்தில். சாரத்தின் மேல் நின்று கட்டுக்கம்பி முறுக்குகிற பையன் கைக்கு அதில் ஒரு பக்கம்கூட வந்து சேர்வதில்லை. முப்பது வருடமாக இதைச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் நீங்களே மேலே ஏறுங்கள். வளைவில் சட்டென்று திரும்பும் எல்போ போட்டிருந்தால் கழற்றச் சொல்லி நீள பெண்ட் போடச் சொல்லுங்கள். ஜாயிண்ட் எல்லாவற்றிலும் பசை போட்டிருக்கிறார்களா என்று ஒன்றொன்றாக ஆட்டிப் பாருங்கள். பைப் வாயில் மூடியோ, சுருட்டிய காகிதமோ திணிக்கட்டும்; சிமெண்ட் பால் உள்ளே இறங்கினால் வயர் ஏறாது. சுவரிலிருந்து ஒவ்வொரு பைப்பும் எத்தனை அடி என்று டேப்பை விரித்து வைத்து, டேப் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.