கரண்ட் வண்டியை மாற்றலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்களும் மின்சாரக் கார் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் இந்தக் கடிதம்.

2020 அக்டோபரில் டாடா கம்பெனியின் நெக்ஸான் இவி என்ற மின்சாரக் கார் வாங்கினேன். 30.2 கிலோவாட் அவர் பேட்டரி உள்ள முதல் மாடல். மச்சான்தான் அப்போது "இதெல்லாம் பொம்மை வண்டி" என்று சிரித்தார். இதுவரை 64,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தினமும் பட்டறைக்குப் போய்வர முப்பது கிலோமீட்டர், மாதம் ஒருமுறை குன்னூரில் மாமனார் வீடு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை சென்னை. கடன் போன வருடம் முடிந்தது.

புதிதில் முழுச் சார்ஜுக்கு 210 கிலோமீட்டர் போனது. பேட்டரிக்கு நல்லது என்று யூடியூபில் பார்த்து, இரண்டு வருடமாக 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. இப்போது அந்த 80க்கு 130 கிலோமீட்டர்தான் வருகிறது. கணக்குப் போட்டால் முழுசுக்கு 160 சொச்சம். போன வருடம் நாலு டயரும் மாற்றினேன், வேறு பெரிய செலவு இல்லை.

பழைய கார் வாங்கும் கடையில் நாலே முக்கால் லட்சத்துக்குக் கேட்கிறார்கள். "யூஸ்டு காருக்கு ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஆயிடுச்சு சார், அதான்" என்கிறார்கள். நான் பார்த்துவைத்திருக்கும் வண்டிக்குக் கையிலிருந்து இன்னும் பதினைந்து லட்சம் போட வேண்டும். வாரண்டி முடிந்தபின் பேட்டரி போனால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. மனைவி "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்கிறாள். மச்சானோ இப்போது 79 கிலோவாட் அவர் மஹிந்திரா எடுத்துவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

சு.,
கோவை

*

அன்புள்ள சு.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அத்தோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

210 என்பது 160 ஆகிவிட்டது, அதாவது பேட்டரியில் கால்வாசி போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று டயர். கம்பெனியிலிருந்து வரும்போது மின்சார வண்டிக்கென்று இழுவை குறைந்த டயராகப் பார்த்துப் போட்டிருப்பார்கள். கடையில் மாற்றும்போது நாம் அதைக் கேட்பதில்லை. சைஸ் சரியாக இருக்கிறதா, விலை எவ்வளவு, அவ்வளவுதான். டயர் மாறினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகிற தூரம், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கே குறையும். பெட்ரோல் வண்டியிலும் இதே நஷ்டம் உண்டு. ஆனால் அங்கே யாரும் சதவீதம் பார்த்துக்கொண்டு ஓட்டுவதில்லை.

இன்னொன்று அந்த 80 சதவீத விரதம். அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. நிக்கல் அதிகம் உள்ள பேட்டரிகளை நூறில் நிறுத்திவைத்தால் சீக்கிரம் மூப்படையும், அதற்குத்தான் அந்த அறிவுரை. உங்களுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பி என்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜும் சீராக இறங்கினால்தான் எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் கணக்கிட முடியும். எல்எஃப்பியில் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், மேல் நுனிக்குப் போனால்தான் சட்டென்று ஏறும். வண்டி தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது அங்கேதான். நீங்கள் இரண்டு வருடமாக அந்த நுனிக்கே போகவில்லை. அது காட்டும் 80, நிஜமாக 80தானா என்று அதற்கே தெரியாது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டுச் சார்ஜரில் நூறுவரை ஏற்றுங்கள். நூறு காட்டிய உடனே பிடுங்காமல் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

நாலைந்து தடவை அப்படிச் செய்தபின் ஒரு சோதனை. சார்ஜர் பிளக்குக்கு, எத்தனை யூனிட் போகிறது என்று தனியாக அளக்கும் ஒரு சப் மீட்டர் போடுங்கள். யூனிட் என்பதும் கிலோவாட் அவர் என்பதும் ஒன்றுதான். பட்டறை வைத்திருப்பவர், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியைப் பத்து சதவீதம்வரை ஓட்டிவிட்டு, இரவில் போட்டு நூறுவரை ஏற்றுங்கள். சுவரிலிருந்து எடுக்கும் கரண்டில் எட்டில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும் என்று வையுங்கள். வண்டி புதிதாக இருந்திருந்தால் சப் மீட்டர் 31 யூனிட் அளவு காட்டியிருக்கும். இப்போது 27 காட்டினால் உங்கள் பேட்டரி 87 சதவீதம் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். 24க்குக் கீழே காட்டினால்தான் நீங்கள் பயப்படுவது நியாயம். தோராயக் கணக்குதான், ஆனாலும் டாஷ்போர்டு சொல்வதைவிட இதை நான் நம்புவேன்.

சரி, சோதனையில் அந்த 87 சதவீதமே வந்தது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் 26 யூனிட்தான் பிடிக்கிறது. இதில் குன்னூர் போகமுடியுமா? கோவையிலிருந்து எழுபது கிலோமீட்டர். வெறும் ஓட்டத்துக்குப் பத்து யூனிட் என்று தாராளமாகவே வைப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். வண்டி 1,400 கிலோ, நாலு பேர், மாமனார் வீட்டுக்குப் போகிற பைகள் எல்லாம் சேர்த்து 1,750 கிலோ. இவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க ஏழு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், மோட்டாரில் போகும் நஷ்டத்தோடு எட்டு. ஆக பதினெட்டு. எட்டு யூனிட் மிச்சத்தோடு குன்னூரில் நிற்பீர்கள். கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் சதவீதம் மளமளவென்று விழுவதைப் பார்த்து வயிற்றைக் கலக்கும், பர்லியாரில் நிறுத்தி யோசிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் ஏற்றத்துக்குச் செலவான அந்த எட்டு யூனிட் வீணாகப் போகவில்லை, உயரமாக மாறியிருக்கிறது. இறங்கும்போது அதில் பாதியாவது ரீஜென்னில், அதாவது இறக்கத்தில் மோட்டாரே கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவதில், திரும்ப வரும். மாமனார் வீட்டில் பிளக்கே இல்லை என்றாலும், கணக்குப்படி, கோவை வந்து சேர்ந்துவிடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. பிளக் இருக்கிறதே என்று குன்னூரில் நூறு ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? ரீஜென் வேலை செய்யாமல் மலை முழுக்கப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். எழுபது, எண்பது போதும். உங்கள் யூடியூப்காரர் சொன்னது இந்த ஓர் இடத்தில் பொருந்துகிறது.

தினசரி முப்பது கிலோமீட்டருக்கு இந்த வண்டி இன்னும் பல வருடம் காணும். அதனால் பாக்கி இருப்பது சென்னை மட்டும். 500 கிலோமீட்டர், வேகச் சார்ஜரில் போட்டாலும் உங்கள் வண்டி மெதுவாகத்தான் வாங்கும், வழியில் மூன்று தடவையாவது நின்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நேரம். உண்மையிலேயே கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு மூன்று பயணத்துக்காகப் பதினைந்து லட்சமா? சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. 2023 ஏப்ரலிலிருந்து வந்தே பாரத்தும் இருக்கிறது, ஆறு மணி நேரம். அங்கே போய் வாடகைக் கார் எடுத்துக்கொண்டாலும் பத்து வருடச் செலவு பதினைந்து லட்சத்தைத் தொடாது.

இப்போது விலை. 2020 ஜனவரியில் உங்கள் மாடல் வந்தபோது ஆரம்ப விலை 13.99 லட்சம், அதற்கு 30.2 யூனிட் பேட்டரி. 2024 செப்டம்பரில் அதே பெயரில் 45 யூனிட் பேட்டரியோடு வந்த வண்டியின் ஆரம்ப விலையும் 13.99 லட்சம்தான். உங்கள் பழைய வண்டிக்கு ஏன் நாலே முக்கால் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். பேட்டரி மலிவாகிக்கொண்டே வருகிறது, அதனால் பழையதின் மதிப்பு விழுகிறது. அதே காரணத்தால்தான் நீங்கள் எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு நல்ல வண்டி அதே பணத்துக்குக் கிடைக்கும். விழ வேண்டியதில் பெரும்பகுதி விழுந்து முடிந்துவிட்டது, நஷ்டத்தை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள். இனிமேல் ஓட்டுகிற வருடங்கள்தான் இந்த வண்டியிலேயே மலிவான வருடங்கள். அதைத் தூக்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, புது வண்டியின் முதல் மூன்று வருட வீழ்ச்சியை மறுபடி முதலிலிருந்து தாங்கப் போகிறீர்களா? இன்னொன்றும் உண்டு. நீங்கள் கடனில் எடுத்தபோது வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் வட்டிக்கு ஒன்றரை லட்சம்வரை வரிக்கழிவு இருந்தது. 2023 மார்ச் 31க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அது கிடையாது.

அந்த ஜிஎஸ்டி கதையை நம்பாதீர்கள். 18 சதவீதம் ஆனது உண்மை, 2024 டிசம்பர் கவுன்சில் கூட்டத்தில் முடிவானது. ஆனால் அது கடைக்காரர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் லாபத்துக்கு மட்டும். நீங்கள் நேராக இன்னொரு தனிநபருக்கு விற்றால் ஜிஎஸ்டியே இல்லை. ஒருவேளை விற்கத்தான் போகிறீர்கள் என்றால், தினம் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓட்டுகிற ஒரு டாக்டரையோ வாத்தியாரையோ பிடியுங்கள். கடைக்காரரைவிடக் கூடவே கொடுப்பார்கள்.

வாரண்டிப் பயம் மட்டும் நியாயமானது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்குக் கிலோமீட்டர் பிரச்சினை இல்லை, தேதிதான். 2028 அக்டோபர். இந்தத் தேதி நெருங்க நெருங்க வண்டியின் விலை இன்னொரு படி விழும், ஏனென்றால் வாங்குபவருக்கும் இதே பயம் இருக்கும். அதனால் என் அபிப்பிராயம் இது: விற்பதென்றால் 2027 அக்டோபருக்குள், ஒரு வருடமாவது வாரண்டி மிச்சமிருக்கும்போது விற்றுவிடுங்கள். இல்லையென்றால் விற்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு அது சாகிறவரை ஓட்டுங்கள். வாரண்டி முடிந்த மறுமாதம் பதறிப்போய் விற்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது வழியில் போவேன்.

அதுவரை செய்ய வேண்டியது, வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, எந்தச் சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றித் தருவார்கள் என்று படிப்பது. எந்த சர்வீஸையும் தவறவிடாதீர்கள், பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி நலன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2028க்குப் பிறகு ஏதாவது கோளாறு வந்தாலும், எடுத்த எடுப்பில் முழுப் பேட்டரியும் போச்சு என்றால் தலையாட்ட வேண்டாம். உள்ளே பல மாட்யூல்கள் இருக்கின்றன, ரிலே இருக்கிறது, கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது. எது போனது என்று கேட்டுவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். 2025 ஜூலையில் அதே கம்பெனி 45 யூனிட் மாடலின் முதல் உரிமையாளர்களுக்குப் பதினைந்து வருடப் பேட்டரி வாரண்டி கொடுத்துவிட்டது. பேட்டரி இவ்வளவு சீக்கிரம் சாகிற பொருளாக இருந்தால் எந்த வியாபாரியும் அதைச் செய்ய மாட்டான்.

மச்சானைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வாங்க நினைக்கும் வண்டியின் மோட்டார், டிக்கி, இருக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை. இதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. சென்னைக்குப் போகும்போது கேட்டால் மச்சான் தன் வண்டியைக் கொடுப்பாரா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

கடைசியாக என் கதை. இரண்டு வருடம் முன்பு ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்ப விடிகாலை நாலரைக்கு வண்டியிடம் போனேன். கதவு திறக்கவில்லை, லைட் எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. முந்தின இரவு 90 சதவீதம் காட்டிய வண்டி. முடிந்தது, பேட்டரி போச்சு, பல லட்சம் என்று பட்டு வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். லாரி வைத்து ஏற்றி சர்வீஸுக்கு அனுப்பினேன். (என்னுடையது வேறு கம்பெனி, பெயர் எதற்கு.) எட்டு நாள் வைத்திருந்துவிட்டு, போனது பெரிய பேட்டரி அல்ல, பானட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி என்றார்கள். மின்சார வண்டியிலும் அது உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயே வேலை செய்யாது, வண்டி பிணம் மாதிரி கிடக்கும். தெருமுனைப் பேட்டரிக் கடையில் அரை மணி நேர வேலை.

பெரிய செலவு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வண்டியில் அது இன்னும் 2020ஆம் வருடத்ததாகத்தான் இருக்கும். சப் மீட்டர் வாங்கப் போகிற அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள். சோதனையில் எத்தனை யூனிட் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.