வயசான நாய்க்கு ஊசி போட்டு அனுப்புறது: எப்போ, எப்படி?

கேள்வி: கால் உடைஞ்சு ரோட்டோரம் கிடந்தவனை 9 வருஷம் முன்னாடி தூக்கிட்டு வந்தோம். இப்போ 13, 14 வயசு இருக்கும்னு டாக்டர் சொல்றார். பின்னங்கால் ரெண்டும் வலுவே இல்ல, ராத்திரி தூங்காம மூச்சு வாங்கிட்டு சுத்திட்டே இருக்கான், ஆனா சாப்பாடு மட்டும் நல்லா சாப்பிடுறான். ஊசி போட்டு வலியில்லாம அனுப்பி வைக்கிறதைப் பத்தி (கருணைக்கொலை) யோசிக்க சொல்லிட்டாங்க. ஏற்கனவே ஒருத்தர் கைவிட்ட பிள்ளை, நானும் அதையே பண்றேனோன்னு மனசு அடிச்சுக்குது. நேரம் வந்துடுச்சுன்னு எப்படி தெரியும்? நான் பக்கத்துல இருக்கணுமா?

பதில்: முதல்ல அந்த சாப்பாட்டு விஷயம். "சாப்பிடுறான்ல, அப்போ நல்லாதான் இருக்கான்"னு நினைச்சு நிறைய பேர் மாசக்கணக்குல தள்ளிப்போடுறாங்க. தெருவுல பசியோட இருந்த நாய்க்கு பசி கடைசியாதான் போகும், மூட்டு எவ்வளவு வலிச்சாலும் தட்டு சத்தம் கேட்டா எழுந்து வந்துடும். வலிக்குதுன்னு கத்தவும் கத்தாது. அதனால வேற இடத்துல பாருங்க. படுக்கறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் சுத்தி சுத்தி நிக்கிறானா, ஒரே பக்கமா மட்டும் படுக்கிறானா, ஒரே மூட்டை நக்கிட்டே இருக்கானா, இடுப்புல கை வைச்சா சட்டுனு தலையைத் திருப்புறானா, வெயில் இல்லாமலே நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குறானா, இதெல்லாம் வலியோட அறிகுறியா இருக்கலாம். நல்லா அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணுங்க, 30க்குள்ள இருக்கணும், அதுக்கு மேலயே போயிட்டிருந்தா இதயமோ நுரையீரலோ பிரச்சனையா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேட்கணும், அவனோட வலிக்கு முழுசா வைத்தியம் பார்த்தாச்சா? ராத்திரி சுத்துறது வலியாலயும் இருக்கலாம், வயசானவங்களுக்கு வர்ற மாதிரி ஞாபக மறதியாலயும் இருக்கலாம், ரெண்டுக்கும் மருந்து இருக்கு. ரத்தப் பரிசோதனை பண்ணி கிட்னி, லிவர் எப்படின்னு பார்த்துட்டு நாய்க்கான வலி மாத்திரை ஆரம்பிச்சு, வழுக்குற தரையில மேட் போட்டு, நகம் வெட்டிவிட்டு ரெண்டு வாரம் பாருங்க. நாம போடுற பாரசிட்டமால், இபுப்ரூஃபன் எல்லாம் நீங்களா குடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து.

ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு கால்நடை மருத்துவர் 2004ல ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க. வலி, பசி, தண்ணி, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளை விட நல்ல நாள் அதிகமான்னு 7 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 10க்கு மார்க் (நல்லா இருந்தா மார்க் அதிகம், வலி குறைவா இருந்தாலும் அப்படித்தான்), மொத்தம் 35க்கு மேல இருந்தா இன்னும் கொஞ்ச காலம் பார்த்துக்கலாம்னு அர்த்தம். டாக்டர்கிட்ட பேச இது உதவும். ஆனா நான் அதிகமா நம்புறது காலண்டரைத்தான். அவனுக்கு ரொம்பப் பிடிச்ச 3 விஷயம் எழுதி வைங்க, வாசல்ல படுக்கறது, நீங்க வந்தா வாலாட்டறது, அப்படி எதுவா இருந்தாலும். தினமும் ராத்திரி நல்ல நாளா கெட்ட நாளான்னு ஒரு குறி போடுங்க. கெட்ட நாள் கூடிட்டே போகுது, அந்த மூணுல ரெண்டு நின்னுபோச்சுன்னா நேரம் வந்துடுச்சு.

"தானா தூக்கத்துல போயிடட்டும்"னு காத்திருக்கவங்க வலி எனக்குப் புரியுது, ஆனா அப்படிப் போறது எல்லாருக்கும் அமையாது. கிட்னி செயலிழந்தா பல நாள் வாந்தி, இதயம்னா மூச்சுத் திணறல், அப்புறம் நடுராத்திரி தெரியாத இடத்துல தெரியாத ஆள் கையில போய் முடியும். அதுக்கு ஒரு வாரம் முந்தினாலும் பரவாயில்லைன்னுதான் நான் சொல்லுவேன். நீங்க கைவிடலைங்க, 9 வருஷமா பக்கத்துல இருந்தவங்க இந்த முடிவையும் அவனுக்காக சுமக்கறீங்க.

இப்போ அந்த நாள். அடிபட்டு வந்த நாய்கள் பல பேருக்கு கிளினிக்னாலே பயம், யாராவது அழுத்திப் பிடிச்சா நடுங்கும். வீட்டுக்கு வர முடியுமான்னு டாக்டரைக் கேளுங்க, முடியாதுன்னா கார்லயே பண்ணலாமா, கிளம்புறதுக்கு முன்னாடி பயம் குறைய மாத்திரை குடுக்கலாமான்னு கேளுங்க. மயக்க ஊசி முதல்ல போட சொல்லிக் கேளுங்க, சில நிமிஷத்துல அசந்துடுவான். அதுக்கப்புறம்தான் கால் நரம்புல பெண்டோபார்பிட்டால்னு ஒரு மயக்க மருந்தை ரொம்ப அதிக அளவுல ஏத்துவாங்க, சில விநாடியில நினைவு போயிடும், கொஞ்ச நிமிஷத்துல மூச்சும் இதயமும் நின்னுடும், டாக்டர் ஸ்டெத் வைச்சு பார்த்துட்டு சொல்லுவார். கண்ணு திறந்தேதான் இருக்கும். ஒண்ணு ரெண்டு தடவை மூச்சு இழுக்குற மாதிரி வரலாம், தசை துடிக்கலாம், ஒண்ணுக்கு போகலாம், கீழ ஒரு டவல் விரிச்சுடுங்க. அந்த நேரத்துல அவனுக்கு எதுவுமே தெரியாது, முன்கூட்டியே தெரியலைன்னா பார்க்கற உங்களுக்குத்தான் தூக்கிவாரிப்போடும்.

பக்கத்துல இருங்க, அட்லீஸ்ட் மயக்க ஊசி வேலை செய்ற வரைக்கும். உங்க குரலும் வாசனையும் தெரிஞ்சா அவனுக்கு பயம் இருக்காது. முடியவே முடியாதுன்னா அவனுக்குப் பழகின வேற ஒருத்தர் இருக்கட்டும், அதுல தப்பில்ல.

கையெழுத்து, பணம் எல்லாம் முன்னாடியே முடிச்சுடுங்க, அழுதுட்டே நிக்கும்போது பேப்பர் நீட்டினா தாங்காது. வீட்ல வேற நாய் இருந்தா உடம்பை மோந்து பார்க்க விடுங்க. புதைக்கறதா இருந்தா குழி நல்லா ஆழமா இருக்கணும், அந்த மருந்து உடம்புல தங்கியிருக்கும், வேற மிருகம் தோண்டித் தின்னா அதுவும் செத்துப்போகலாம்.